ஈரத்தை ஏற்றி அனுப்ப வேண்டாம்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், அரைத்தால் சிமெண்டாகும் கிளிங்கரைச் சூளையில் சுடும் ஆலை கிடையாது. இம்மாவட்டத்துக் கல்லாவியிலிருந்து எரிபொருளுக்கான குப்பையோடு புறப்படும் லாரி சேலத்தைத் தாண்டிச் சங்ககிரிக்குப் போக வேண்டும். அங்கே எடுத்துக்கொள்ளாவிட்டால் அரியலூர், டால்மியாபுரம். எப்படிப் போனாலும் நூறு கிலோமீட்டருக்கு மேல். ஓசூரிலிருந்து என்றால் இன்னும் தூரம். குப்பையிலிருந்து எடுக்கும் ஆர்.டி.எஃப். எரிபொருள் தயாராகும் இடத்திலிருந்து 100 கிலோமீட்டருக்குள் உள்ள ஆலைகள், தங்கள் எரிபொருளில் 5 சதவீதத்தையாவது அதைக்கொண்டு ஈடுகட்ட வேண்டும் என்றன 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள். நம் பகுதி அந்த வட்டத்துக்கு வெளியே நின்றது. கட்டாயத்தை நம்பாமல், தரத்தைக் காட்டித்தான் ஆலையை வாங்க வைக்க முடியும்.

தரத்தில் முதல் கேள்வி ஈரம். மத்திய நகர்ப்புற அமைச்சகத்தின் 2018 வழிகாட்டுதல், பிரித்தெடுத்த எரியும் பகுதிக்கு 35 சதவீதம் வரையும், மூன்றாம் தர ஆர்.டி.எஃப்.புக்கு 20 சதவீதம் வரையும் ஈரப்பதத்தை அனுமதிக்கிறது. 35 சதவீத ஈரத்தோடு 20 டன் ஏற்றினால் அதில் 7 டன் தண்ணீர். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 600 கிலோ கலோரி தேவை. அந்த 7 டன்னை விரட்டவே, கிலோவுக்கு 5,000 கிலோ கலோரி தரும் நிலக்கரியில் ஏறக்குறைய 840 கிலோவுக்கு நிகரான வெப்பம் போய்விடும். தண்ணீரை ஏற்றிப்போன டீசல் செலவு தனி.

இந்த ஈரம் ஆலையில் சேர்வதில்லை, வீட்டு வாசலில் சேர்கிறது. சாம்பார் மிச்சமும் பால் பாக்கெட்டும் ஒரே வாளியில் விழுந்துவிட்டால், பிறகு எந்தச் சல்லடையும் அதை முழுதாக மீட்காது. உணவில் உள்ள உப்பு பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு குளோரினாகச் சூளைக்குள் போகிறது. கூடவே பி.வி.சி.யும் போகிறது. கல்யாண பேனர், கட்சி பேனர், தலைவர்கள் வருகைக்கு வைத்த கட்-அவுட் என்று நம் ஊர்களில் கழற்றிப் போடும் ஃப்ளெக்ஸில் பெரும்பகுதி பி.வி.சி. பூச்சுதான். தூய பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். அந்தக் குளோரின் காரங்களோடு சேர்ந்து ஆவியாகி, மூலப்பொருளை முன்கூட்டியே சூடாக்கும் ப்ரீஹீட்டரின் குளிர்ந்த பகுதிகளில் படிந்து, அதன் சைக்ளோனை அடைக்கும். அடைப்பெடுக்கச் சூளையை நிறுத்திய பொறியாளர் அடுத்த லாரியைத் திருப்பி அனுப்பினால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஃப்ளெக்ஸைத் தனியே எடுக்காத கிடங்கு எரிபொருள் தயாரிப்பதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது.

சூளையின் பலம் உண்மையானது. சுடர் 2,000 டிகிரியை எட்டும், பொருள் 1,450 டிகிரியில் வேகும், சாம்பல் கிளிங்கரிலேயே கலந்துவிடும். ஆனால் இதைச் சொல்லி எதை வேண்டுமானாலும் உள்ளே தள்ளுவதை இவ்விதழ் ஏற்காது. புகையில் வரும் நச்சான டையாக்சினுக்கு ஒரு கன மீட்டருக்கு 0.1 நானோகிராம் என்ற வரம்பு உண்டு. அந்த அளவீடுகள் ஆலையைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்களின் கண்ணில் படும்படி வைக்கப்பட வேண்டும். சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதியை ஆண்டுக்கணக்கில் தாங்கும் அரியலூர் மக்கள், நம் குப்பையின் புகையையும் கேள்வி கேட்காமல் தாங்க வேண்டியவர்கள் அல்லர். காயலான் கடைக்குப் போகக்கூடிய எதுவும் சூளைக்குப் போகக் கூடாது என்பதும் அதே நியாயம்தான்.

சென்னையின் பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைமேடுகளில் பல ஆண்டுக் குப்பையைத் தோண்டிச் சலிக்கும் வேலை நடந்திருக்கிறது. அங்கே கிடைக்கும் பிளாஸ்டிக்கில் மண் அப்பியிருக்கும், சாம்பல் அதிகம். மலையைக் கரைக்க வேண்டிய சென்னைக்கு வேறு வழியில்லை. கல்லாவி போன்ற ஊராட்சிகளில் அப்படிப்பட்ட மலை இல்லை. அன்றைய குப்பையை அன்றே பிரித்து, கூரைக்குக் கீழ் உலர்த்தி, பேலாகக் கட்டும் வாய்ப்பு இங்கே இன்னும் கைநழுவவில்லை.

அதற்குப் பணம் சரியான இடத்தில் போக வேண்டும். எடைக்குக் கூலி கொடுக்கும் ஒப்பந்தம் ஈரத்துக்கே பரிசளிக்கிறது. உலர்ந்த நிலையில் அளந்த கலோரிக்கும் குளோரின் அளவுக்கும் ஏற்ப விலை வைத்து, பிரித்துத் தரும் தூய்மைக் காவலருக்கும் அதில் பங்கு தர வேண்டும். மறுசுழற்சிக்கு ஆகாத பல அடுக்கு உறைகளுக்கு, 2022-இன் உற்பத்தியாளர் பொறுப்பு விதிமுறையின் கீழ் நிறுவனங்களே லாரி வாடகையை ஏற்கலாம்.

மாவட்ட ஊரக வளர்ச்சி முகமைக்கும் ஓசூர் மாநகராட்சிக்கும் எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: அடுத்த ஒப்பந்தத்தில் டன் என்று எழுதியிருக்கும் இடத்தில் கலோரி என்று எழுதுங்கள்.