மனையாள் பங்கு

மதுரை வீதியில் கோவலன் விற்கச் சென்றது தன் பொருளையன்று, மனையாளின் காற்சிலம்பையே. வறுமை வந்துழி அவள் பொருள் இருவர்க்கும் பொதுவாயிற்று. அங்ஙனமாயின் கணவன் பொருளில் அவளுக்குள்ள உரிமை யாது?

கிறிஸ்தவராகிய நமக்குரிய 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம், மரண சாசனமின்றி இறந்தவன் சொத்தில், மக்கள் இருப்பின், கைம்பெண்ணுக்கு மூன்றிலொரு பங்கு அளிக்கின்றது. நன்றே. ஆயினும், சாசனத்தால் அனைத்தையும் பிறர்க்கு எழுதிவைக்கவும் அச்சட்டமே இடந்தருகின்றது. இஸ்லாமியச் சட்டத்தில், மக்களுள்ள கைம்பெண்ணின் பங்கு எட்டிலொன்றே. எனினும், ஏனை வாரிசுகள் இசைந்தாலன்றி, கடன் போக எஞ்சியதில் மூன்றிலொரு பாகத்துக்கு மேல் சாசனம் செல்லாது. பங்கு சிறிது, காவல் பெரிது. இங்கிலாந்திலும், சாசனத்தில் விடுபட்ட மனைவி நீதிமன்றத்தில் ஜீவனாம்சம் கோர 1938ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது.

ஈட்டியவன் தன் விருப்பப்படி ஈதல் முறையன்றோ எனச் சிலர் வினவுவர். அவன் ஈட்டுதற்பொருட்டு இல்லங்காத்தவளின் உழைப்பு எக்கணக்கிற் சேரும்? நல்ல கணவர்க்குச் சட்டம் வேண்டா, அல்லாதார்க்கே வேண்டும். ஆதலின், சாசனத்தாலும் நீக்கவொண்ணாப் பங்கொன்றை மனைவிக்குச் சட்டம் வகுத்தல் வேண்டும். கணவன்பொருட்டுக் கண்ணகி வழக்குரைத்த இவ்வூரில், மனைவியர்பொருட்டு வழக்குரைத்தல் நம் கடனன்றோ?