ரயில் வராத ஊரில் ஒரு பொம்மை ரயில்

மாவட்டத் தலைநகரமாகிய பெரம்பலூருக்கே ரயில் நிலையம் இல்லாதிருக்க, அரியலூருக்கோ ஆத்தூருக்கோ போய்த்தான் வண்டியேற வேண்டிய எங்கள் வேப்பந்தட்டையில், அமெரிக்காவிலிருந்து திரும்பிய உறவினர் ஒருவர் வீட்டு நடுக்கூடத்தில் லயோனல் கம்பெனியின் பொம்மை ரயில் ஓடுகிறது என்றால், வேடிக்கை பார்க்கத் திரளும் பிள்ளைகளைக் குறை கூறுவது நியாயமன்று. என் சிரத்தையோ ரயிலின்மேல் செல்லவில்லை. அதை ஓட்டும் கரிய பெட்டியின்மேல் சென்றது.

1948 முதல் 1966 வரை தயாரிக்கப்பட்ட இசட்-டபிள்யூ என்னும் அந்த டிரான்ஸ்ஃபார்மர், நான்கு கைப்பிடிகளால் நான்கு தனித்தனி மின்னோட்டங்களை 20 வோல்ட் வரை அளிக்கவல்லது. அதனுள் இருக்கும் சர்க்யூட் பிரேக்கர், விரிவில் வேறுபட்ட இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு. மின்னோட்டம் மிகுந்து சூடேறினால் வளைந்து இணைப்பைத் துண்டிக்கும், ஆறினால் மீண்டும் சேரும். வெறும் மோட்டாரும் சுருளும் கொண்ட அக்காலத்து இன்ஜினுக்கு இந்த நிதானம் போதுமானதாயிருந்தது. மின்னணுப் பலகை தாங்கிய இக்காலத்து இன்ஜினோ தகடு வளையுமுன்பே கருகிவிடக்கூடும்.

அதனினும் பெரிய விபரீதம், அந்தத் தகடு நான்கு ஓட்டங்களுக்கும் பொதுவான திரும்பு கம்பியில் மட்டுமே அமைந்திருப்பதாகும். வெவ்வேறு வோல்ட்டில் வைக்கப்பட்ட இரண்டு தண்டவாளப் பகுதிகளை, வண்டிக்கு மின்சாரம் வாங்கும் உருளைகள் ஒருங்கே தொடும்போது, மின்சாரம் ஒரு கைப்பிடியிலிருந்து மற்றொன்றுக்கே பாய்ந்து, பொதுக் கம்பியின் பக்கம் திரும்பியும் பாராமல் சுருளைச் சுட்டெரிக்கும்; முன்வாசலில் மட்டும் நாயைக் கட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துபோட்ட வீட்டின் கதைதான். ஆகவே, வெளிச்செல்லும் ஒவ்வொரு கம்பிக்கும் 10 ஆம்பியர் அளவில், விரைந்து துண்டிக்கும் பிரேக்கரைத் தனித்தனியே பொருத்துவதே உசிதம்.

வீட்டு மின்பலகையில்தான் பிரேக்கர் இருக்கிறதே என்பாருமுண்டு. 20 வோல்ட்டில் 15 ஆம்பியர் பாய்ந்தால் அது 300 வாட். 230 வோல்ட்டின் பக்கத்தில் அதற்கு ஒன்றரை ஆம்பியர்கூட ஆகாது. 6 ஆம்பியர் பிரேக்கருக்கு அது ஒரு பொருட்டேயில்லை. பம்பு செட்டில் அடிக்கடி பியூஸ் போகிறதென்று பியூஸ் கட்டையில் செம்புக் கம்பியைப் புரிபுரியாய் முறுக்கி வைக்கும் நம்மவர் சாமர்த்தியமும் அந்த வீட்டில் இல்லாதிருந்தால், அது பாக்கியமே.

மேலும், 115 வோல்ட், வினாடிக்கு 60 சுழற்சிக்கென்று செய்த அப்பெட்டியை வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் வழியாக இணைத்தாலும், நம் நாட்டு மின்சாரத்தின் சுழற்சி 50 ஆகையால், அதன் இரும்பு மையத்தில் காந்தப் பெருக்கு அதிகரித்து, ரயில் நின்றிருக்கும்போதும் பெட்டி சற்று மிகையாகவே சுடும். நூறு வோல்ட்டுக்குச் சற்றுக் கீழே இறக்கிக் கொடுத்தால் அந்த உபத்திரவம் தணியும். வண்டியின் வேகம் கொஞ்சம் குறையுமே தவிர வேறு நஷ்டமில்லை. இவை யாவற்றுக்கும் முன்னதாக, அறுபது எழுபது ஆண்டுகளில் இறுகி வெடித்துப்போன ரப்பர் உறையுள்ள வயரை மாற்றிவிட்டு, அப்புறம் பிரேக்கர் வாங்கக் கடைக்குப் போகட்டும் என்று உறவினரிடம் சொல்லியிருக்கிறேன்.