லயன் அறை எப்போது அருங்காட்சியகமாகும்?

வட்டகொடையில் ரயிலை விட்டு இறங்கி நடந்தால், வெள்ளைக்காரன் காலத்து லயன் வரிசைகளில் இன்றும் அடுப்பு புகைகிறது. அவற்றைக் கடக்கும்போதெல்லாம் எனக்குச் சென்னைக்கு அருகே முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்ரா நினைவுக்கு வரும். 1996இல் திறக்கப்பட்ட அந்தத் திறந்தவெளி அருங்காட்சியகத்தில், இடிபடவிருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் கட்டியிருக்கிறார்கள். அங்கே குயவர் சக்கரம் சுற்றிப் பானை வனைந்து காட்டுகிறார். கேள்வி கேட்டால் அவரே பதில் சொல்கிறார்.

மலையகத்திலும் கட்டடங்கள் உருமாறியிருக்கின்றன. 1925இல் எழுந்த ஹந்தானைத் தொழிற்சாலை 2001இல் தேயிலை அருங்காட்சியகமானது. அங்கே இயந்திரங்களும் ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருட்களும் இருக்கின்றன. கொழுந்து பறித்தவர்களின் கதைக்கு 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டுதான் கம்பளைப் பக்கம் பழைய பீகொக் தோட்டத்தில், சமூக அபிவிருத்தி நிறுவகம் லயன் அறைகளிலேயே தொழிலாளர் அருங்காட்சியகத்தை அமைத்தது.

அது அவசியமான முயற்சி. 1977, 1983 வன்முறைகளுக்குத் தப்பி வன்னிக்கு வந்து, பின்னர் யுத்தத்திலும் அகப்பட்ட குடும்பங்களின் வரலாறும் அந்த அறைகளில்தான் தொடங்குகிறது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. தட்சிணசித்ராவின் வீடுகளில் இப்போது எவரும் குடியிருப்பதில்லை. லயன்களில் இன்னும் குடும்பங்கள் இருக்கின்றன. காணி பற்றிய வாக்குறுதிகள் அரசுகள் மாறியும் தொடர்கின்றன. உறுதிப்பத்திரத்துக்காகக் காத்திருப்பவர்களும் தொடர்கிறார்கள்.

பழைய லயன்களைப் பாதுகாக்கத்தான் வேண்டும். அதற்கு முன், அவற்றில் வாழ்பவர்கள் சொந்தக் காணியிலுள்ள வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். பிறகு குயவரைப் போல அவர்களே வந்து தம் கதையைச் சொல்லட்டும்.