தணிகையில் தலை சாய்க்க இடமெங்கே?

திருத்தணி மலைக்கு வருவோரை மூன்று கூட்டமாகப் பிரிக்கலாம். காரில் வந்து, மலைமேல் வரை காரிலேயே ஏறி, குளிரூட்டிய அறையில் தங்கிப் போவோர் ஒரு கூட்டம். ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து, 365 படிகளையும் காலால் ஏறி, எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே துண்டை விரித்துப் படுப்போர் இன்னொரு கூட்டம். முதல் கூட்டத்தை ஏற்றிவந்து இறக்கிவிட்டு, அதே காரின் முன் இருக்கையில் முழங்காலை மடக்கிக்கொண்டு விடியும்வரை கிடப்போர் மூன்றாவது கூட்டம்.

புதிது புதிதாக எழும்பும் கட்டடங்கள் யாருக்காக எழும்புகின்றன? முதல் கூட்டத்துக்காக! மற்ற இரு கூட்டமும் எங்கே போவது? இந்தக் கேள்வியைத்தான் இன்று நாம் எழுப்புகிறோம். விடுதி கட்டுவது பணம் படைத்தவரின் பாடு, நமக்கென்ன என்று தோழர்கள் ஒதுங்கிவிடக் கூடாது. வீடு கட்டுவதில் நீதி உண்டு, அநீதியும் உண்டு. விடுதி கட்டுவதிலும் அப்படியே.

தணிகை நமக்குச் சும்மா கிடைத்த ஊரன்று. 1953-இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது இந்த ஊர் சித்தூர் மாவட்டத்தோடு அங்கேயே நின்றது. ம.பொ.சிவஞானம், மங்கலங்கிழார் போன்றோர் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தில் எத்தனையோ பேர் சிறை புகுந்தனர். படாஸ்கர் தந்த முடிவின்படி 1959-இல் சட்டம் வந்தது. 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் திருத்தணி நம்மோடு சேர்ந்தது. எல்லையை மீட்ட தலைமுறை தன் கடமையை முடித்துவிட்டது. அந்த எல்லைக்குள் வந்து இறங்கும் எளியவனுக்கு ஓர் இரவு கூரை கொடுப்பது இந்தத் தலைமுறையின் கடமை அல்லவா? வருகிறவர் தமிழ் பேசும் நெசவாளராக இருக்கலாம். தெலுங்கு பேசும் உழவராக இருக்கலாம். களைப்புக்கு மொழி இல்லை. எல்லைப்புற ஊர் என்பது விருந்தினரை வரவேற்கும் வாசல்.

அந்த வாசலில் நம் முன்னோர் கட்டிவைத்தது என்ன? திண்ணையும் சத்திரமும். வீட்டுக்கு வெளியே, பூட்டில்லாமல், யாரும் வந்து படுக்கலாம் என்று விட்ட இடம் திண்ணை. நடுவே வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், பின்கட்டில் கிணறு, ஓரத்தில் சமையற்கட்டு, இதுதான் சத்திரத்தின் அமைப்பு. தஞ்சைச் சீமையில் ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி 1802-இல் எழுப்பிய முத்தாம்பாள் சத்திரத்தில் வழிப்போக்கருக்குச் சோறு உண்டு. நோயாளிக்கு மருந்து உண்டு. வழியில் நோவு கண்ட கர்ப்பிணிக்குப் பிரசவம் பார்க்கவும் ஏற்பாடு உண்டு. சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே சவலை இராமசாமி முதலியார் 1888-இல் கட்டிய சத்திரத்தைப் பார்க்காத தோழர் இருக்க மாட்டார்.

சத்திரங்களின் பெருமையைச் சொல்லும்போது சிறுமையை மறைக்க மாட்டோம். ஒரே கூரைக்குக் கீழே சாதிக்கொரு பந்தி போட்டார்கள். சிலரை வாசற்படியே ஏற விடவில்லை. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில்கூட ‘பிராமணாள்’ என்றும் ‘இதராள்’ என்றும் சுவர் எழுப்பியிருந்தார்கள். பெரியார் நடத்திய கிளர்ச்சிக்குப் பின் 1941-இல்தான் அந்தத் தடுப்பு ஒழிந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, உணவு விடுதியிலும் தங்கும் விடுதியிலும் சாதி, மதம், பிறப்பிடம் காட்டி எவரையும் தடுக்கக் கூடாது என்று எழுதிவைத்தது. அந்தச் சுவர் சட்டப்படி விழுந்தது. ஆனால் பணம் என்னும் சுவர் அதே இடத்தில் எழும்பிவிட்டதே!

இன்றைய விடுதிகளின் வகைகளைப் பார்ப்போம். மேலே நட்சத்திர ஓட்டல். ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் கொடுத்துத் தரம் பிரிக்கிறார்கள். அறையின் அளவும் வசதிகளும் கணக்கு. அதற்குக் கீழே லாட்ஜ். கட்டிலும் மின்விசிறியும் குளியலறையும் அதன் முதலீடு. மூன்றாவது, நெடுஞ்சாலையின் மோட்டல். மோட்டாரையும் ஓட்டலையும் சேர்த்து அமெரிக்காவில் உருவாக்கிய சொல் இது. 1925-இல் கலிபோர்னியாவில் சான் லூயிஸ் ஒபிஸ்போ என்ற ஊரில் அந்தப் பெயரோடு முதல் விடுதி திறந்தது. காரை நிறுத்தினால் அதன் எதிரே அறைக் கதவு. அதுதான் மோட்டலின் கட்டட இலக்கணம். நம் நாட்டில் வெளியூர் பஸ் நின்று இருபது நிமிஷம் சாப்பாட்டுக்கு இறக்கிவிடும் இடத்துக்குத்தான் மோட்டல் என்று பெயர். படுக்கை போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது. நான்காவது, பொதுப் படுக்கைக் கூடம். ஏழைக்கு எட்டுவது இது ஒன்றுதான். பெருந்திருவிழாக்களில் போதாமற் போவதும் இதுதான்.

ஏழைக்கென்று கட்டினால் எப்படியும் கட்டலாம் என்று நினைப்போருக்கு இரண்டு உதாரணம் சொல்கிறோம். பிரிட்டிஷ் பிரதமராக இருந்த டிஸ்ரேலியின் செயலாளர் ரவுட்டன் பிரபு, லண்டன் வாக்ஸ்ஹால் பகுதியில் 1892-இல் உழைப்பாளருக்காக ஒரு விடுதி திறந்தார். இரவுக்கு ஆறு பென்னி. ஒவ்வொருவருக்கும் தனித் தடுப்பு, கால் கழுவ இடம், துணி துவைக்க இடம், படிக்க ஓர் அறை. நியூயார்க்கில் 1897-இல் மில்ஸ் என்ற செல்வர் கட்டிய விடுதியில் 1,500-க்கு மேற்பட்ட சிற்றறைகள். வாடகை இருபது சென்ட். எர்னஸ்ட் ஃபிளாக் என்ற கட்டடக் கலைஞர் நடுவில் பெரிய முற்றங்களை விட்டு, அத்தனை சிற்றறைக்கும் ஜன்னல் கிடைக்கும்படி வரைந்தார். லாபமே குறியான நாட்டில் இருபது சென்ட் கொடுத்தவனுக்கும் காற்று உண்டு என்று வரைய முடிந்ததென்றால், தருமம் பேசும் நம் நாட்டில் முடியாதா?

காற்று என்று சொன்னோம். தணிகைக்கு அது சிறிய செய்தியன்று. கோடையில் வெயில் சதமடித்த ஊர்களின் பட்டியலைப் படிக்கும் தோழர்கள் அதில் திருத்தணியின் பெயரை அடிக்கடி பார்த்திருப்பார்கள். பாறை மலை பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவிலே அனலைக் கக்கும். இந்த ஊரிலே முகப்பு முழுவதும் கண்ணாடி பதித்து விடுதி கட்டுவது அறிவுடைமையா? கண்ணாடி வெயிலை உள்ளே விடும். உள்ளே வந்த சூட்டை வெளியே விடாது. பிறகு அதை விரட்ட இயந்திரம், இயந்திரத்துக்கு மின்சாரம், மின்சாரத்துக்குக் கட்டணம், கட்டணம் வாடகையின் தலையில்! கட்டடத்தின் நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும்; கிழக்கிலும் மேற்கிலும் ஜன்னல் குறையட்டும்; சுற்றித் தாழ்வாரம் ஓடட்டும்; மேல்தளத்தில் வெள்ளை அடிக்கட்டும். இவை சத்திரம் கட்டிய கொத்தனாருக்குத் தெரிந்த பாடம்.

ஜன்னலுக்கும் கணக்கு உண்டு. ஈரமும் வெப்பமும் கலந்த பகுதியில் கதவைச் சேர்க்காமல் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு, வறண்ட வெப்பப் பகுதியில் பத்தில் ஒரு பங்கு, காற்றும் வெளிச்சமும் வரத் திறப்பு வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. பத்துக்குப் பத்து அறை 100 சதுர அடி. ஆறில் ஒரு பங்கு ஏறத்தாழ 17 சதுர அடி. அதாவது நான்கடி அகலமும் நான்கடிக்குச் சற்று மேற்பட்ட உயரமும் உள்ள ஜன்னல். பத்தில் ஒரு பங்கு என்றாலும் 10 சதுர அடி. மலிவு லாட்ஜில் அறை எடுக்கும் தோழர்கள் இனி ஜன்னலை ஒருமுறை கையால் அளந்து பார்க்கட்டும். அது வெளியே திறக்கிறதா, நடையிலே திறக்கிறதா என்பதையும் பார்க்கட்டும்.

இது சுகம் பற்றிய பேச்சல்ல. உயிர் பற்றிய பேச்சு. டில்லி கரோல்பாக்கில் 2019 பிப்ரவரி 12-ஆம் நாள் ஓர் ஓட்டலில் தீப்பிடித்து 17 பேர் மாண்டனர். கல்கத்தா படாபஜாரில் 2025 ஏப்ரல் 29-ஆம் நாள் இன்னோர் ஓட்டலில் 14 பேர் மாண்டனர். அவர்களிலே தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் உண்டு. இத்தகைய இடங்களில் தீ சுட்டுச் சாவோரைவிடப் புகை அடைத்துச் சாவோரே அதிகம். திறக்காத ஜன்னல், ஒரே மாடிப்படி, அந்தப் படியிலும் அடுக்கிவைத்த சாமான் — கொலைக்கு வேறு ஆயுதம் வேண்டுமா? கட்டடத்தின் இரு முனையிலும் இரண்டு மாடிப்படி. இரண்டும் பூட்டாமல் இருக்க வேண்டும். இதில் நட்சத்திரம் பார்க்கக் கூடாது.

தணிகைக்கென்று தனித் தேவைகளும் உண்டு. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி சுமந்து வருகிறார்கள். காவடியை வெறுந்தரையில் வைக்க மாட்டார்கள். தாழ்ந்த நிலைப்படியில் அது நுழையாது. கூடத்தின் வாசல் உயரமாக வேண்டும். உள்ளே காவடி வைக்க மேடை வேண்டும். குழந்தைக்கு முடி இறக்குவோருக்குக் குளிக்க வெந்நீர் வேண்டும். நனைந்த துணியை உலர்த்த இடம் வேண்டும். மூட்டையை வைத்துப் பூட்டிவிட்டுப் படி ஏறப் பெட்டகம் வேண்டும். பெண்களுக்குத் தனிக் கூடமும், போதுமான கழிப்பிடமும், விளக்கு எரியும் வழியும் வேண்டும். முதியோரும் ஊனமுற்றோரும் ஏறச் சரிவுப் பாதை வேண்டும். டிசம்பர் 31-ஆம் நாள் இரவு படித்திருவிழாவுக்கு வந்து விடிய விடிய மலையேறும் கூட்டத்தை மனத்தில் வைத்து வரைந்தால், மற்ற நாட்களுக்கு அது தானே போதும்.

இனி, விடுதிக்குள்ளேயே இருந்தும் இடமில்லாதவர்களுக்கு வருவோம். இலை எடுப்பவர், சர்வர், சரக்கு மாஸ்டர், அறை கூட்டுபவர் இவர்கள் எங்கே உறங்குகிறார்கள்? மாடிப்படிக்கு அடியில்; தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்; அடுப்பு அணைந்த சமையற்கட்டில். நூறு பேருக்குப் படுக்கை விரித்தவனுக்குப் பாய் விரிக்க இடமில்லை! உணவு விடுதித் தொழிலாளருக்கென்று 1958-இல் இந்த மாநிலத்தில் தனிச் சட்டம் வந்தது. வேலை நேரத்துக்கு வரம்பு கேட்டுப் போராடிய தொழிலாளரின் வெற்றி அது. நேரத்துக்கு வரம்பு கேட்டதுபோல உறங்கும் இடத்துக்கு அளவு கேட்க வேண்டாமா?

கார் ஓட்டும் தோழருக்கு ஒரு நற்செய்தி 2023-இல் வந்தது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் அரசு ஒரு திருத்தம் செய்தது. விருந்தினரின் காரை ஓட்டிவருவோர் படுக்கவும் குளிக்கவும், ஓட்டலும் லாட்ஜும் தம் வளாகத்திலேயோ 250 மீட்டர் தொலைவுக்குள்ளேயோ இடம் தர வேண்டும் என்பது அதன் சாரம். கட்டட வரைபடத்திலே முதலாளியின் காருக்கு இடம் கேட்ட சட்டம், முதன்முறையாக அந்தக் காரை ஓட்டியவனுக்கும் இடம் கேட்டது. உறங்காத டிரைவர் திருப்பதிச் சாலையில் கண்ணயர்ந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பின் இருக்கையில் இருப்பவரின் உயிரும் அவன் உறக்கத்தில்தான் இருக்கிறது.

ஆனால் காகிதத்தில் வந்த சட்டம் கட்டிலாக மாற வேண்டும். 1867-இல் வெள்ளைக்காரர் ஆட்சி சராய்ச் சட்டம் என்று ஒன்று செய்தது. சத்திரம் நடத்துவோர் அறையையும் கிணற்றையும் சுத்தமாக வைக்க வேண்டும். காவலாள் போட வேண்டும். கட்டண விவரத்தை எல்லோரும் காண எழுதி மாட்ட வேண்டும் என்று அதில் விதித்தது. திருடன் ஏறி வரக்கூடிய மரக்கிளையை வெட்ட வேண்டும் என்றுகூட எழுதியிருந்தார்கள்! விழா நாளில் ஏழையின் பையில் கைவைக்கும் வாடகைக்கு எந்தக் கிளையை வெட்டுவது?

எனவே நாம் கேட்பவை இவை. மலையடிவாரத்திலும் ரயிலடி அருகிலும் பொதுப் படுக்கைக் கூடங்கள் பெருக வேண்டும். டிரைவருக்கும் விடுதித் தொழிலாளருக்கும் ஜன்னலோடு கூடிய உறங்கும் இடத்தை வரைபடத்தில் காட்டாத கட்டடத்துக்கு அனுமதி தரக் கூடாது. எந்த விடுதிக்கும் இரண்டு மாடிப்படி இருக்க வேண்டும். விழா நாளுக்கும் சேர்த்துக் கட்டணப் பலகை வாசலில் தொங்க வேண்டும்.

இவை சலுகையல்ல, உரிமை. வட்டாரத் தோழர்கள் இந்தக் கோரிக்கைகளை மனுவாக எழுதி நகராட்சியிடமும் கோயில் நிர்வாகத்திடமும் கொடுக்க வேண்டும். ஓட்டல் தொழிலாளர் சங்கமும் டிரைவர்கள் சங்கமும் ஒரே மனுவில் கையெழுத்திட வேண்டும். எழுப்பப்போகும் விடுதியின் வரைபடம் மேல்மாடிச் சொகுசு அறையிலிருந்து தொடங்கக் கூடாது. கடைசியாக விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப்போகும் தொழிலாளியின் பாயிலிருந்து தொடங்க வேண்டும். அவனுக்கு இடம் கண்டுவிட்டால், மற்றவர்க்கெல்லாம் இடம் தானாகக் கிடைக்கும்.