கையெழுத்துப் போட்டோம், கூப்பிட்டபோது போகவில்லை

ரத்ததானத்துக்குத் தமிழ்நாட்டில் ஆள் சேர்ப்பது கஷ்டமே இல்லை. தலைவர் பிறந்தநாள், நடிகர் பிறந்தநாள், கல்லூரி ஆண்டுவிழா எதுவானாலும் ஒரு முகாம் நடக்கும், வரிசையும் நிற்கும். 2008-ல் இங்கே வேகம்பிடித்த உடலுறுப்பு தானத் திட்டத்தில் நாட்டுக்கே முன்னோடியாக இருந்தோம். அதில் பெருமைப்பட நமக்கு உரிமை உண்டு. அதே பெருமையில் எலும்பு மஜ்ஜையைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டோம். ரத்தப் புற்றுநோயில் விழுந்த ஒருவர், முன்பின் தெரியாத இன்னொருவரின் மஜ்ஜையிலுள்ள குருத்தணுக்களால் பிழைக்க முடியும் என்று தெரிந்த பிறகும் நாம் நடந்துகொண்டிருக்கும் விதத்தைக் கொஞ்சம் வெளிப்படையாகவே பேசியாக வேண்டும்.

மஜ்ஜை தானத்துக்கு நாம் பேர் கொடுக்காதவர்கள் இல்லை. கல்லூரி முகாமில் பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உள்பக்கம் தேய்த்து எடுத்தார்கள். படிவத்தில் பெயர், செல்போன் எண், கையெழுத்து. அத்தோடு வேலை முடிந்ததாக நினைத்துக்கொண்டோம். மூன்று வருடமோ ஆறு வருடமோ கழித்து, எங்கோ ஒரு வார்டில் படுத்திருப்பவரோடு அந்தப் பஞ்சுக் குச்சி பொருந்திப்போகும்போது, கொடையாளர் பதிவேட்டிலிருந்து அழைப்பு வருகிறது. எண் மாறியிருக்கிறது. அல்லது மணி அடிக்கிறது, தெரியாத எண் என்று எடுப்பதில்லை. எடுத்தால், “வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்” என்கிறோம். வீட்டில் அம்மா, “முதுகுத்தண்டுல ஊசி போடுவாங்களாம், அப்புறம் இடுப்பே நிக்காதாம், உனக்கு எதுக்குப்பா இது?” என்கிறார். பெண்ணாக இருந்தால் அப்பாவுக்கு இன்னொரு கவலை: “கல்யாணம் ஆகவேண்டிய பொண்ணு, நாளைக்கு மாப்பிள்ளை வீட்ல கேட்டா என்ன சொல்றது?” சட்டப்படி பதினெட்டு வயதைத் தாண்டியவரின் சம்மதம் போதும். நம் வீடுகளில் அது போதவில்லை.

முதுகுத்தண்டை யாரும் தொடுவதில்லை. மஜ்ஜையையே எடுக்க வேண்டியிருந்தாலும், மயக்கம் கொடுத்து இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்துதான் எடுப்பார்கள். இப்போது பெரும்பாலும் அதுவும் இல்லை. நான்கைந்து நாள் தோலுக்கடியில் ஓர் ஊசி போடுகிறார்கள். அது மஜ்ஜைக்குள் இருக்கும் குருத்தணுக்களை ரத்தத்துக்குள் கிளப்பிவிடும். அந்த நாட்களில் இடுப்பும் முதுகும் காய்ச்சல் வந்ததுபோல் வலிக்கும், பாராசிட்டமால் போட்டால் தாங்கிக்கொள்ளலாம். பிறகு ஒரு நாள் கட்டிலில் நான்கு மணி நேரம்போலப் படுத்திருக்க வேண்டும். ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குப் போகிறது; அது குருத்தணுக்களை மட்டும் பிரித்தெடுத்துக்கொண்டு மீதியை மறு கையில் திருப்பி அனுப்புகிறது. மேலே தொங்கும் சிறு பையில் தக்காளிச்சாறு நிறத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. கொடுத்தது சில வாரங்களில் உடம்பில் தானாகவே ஊறிவிடும். அந்தப் பை இன்னொரு ஊரின் கண்ணாடிக் கதவு போட்ட அறைக்குப் போய், சாதாரண ரத்தம் ஏற்றுவதுபோலவே ஏற்றப்படுகிறது. மஜ்ஜை மாற்று சிகிச்சையில் கத்தியே கிடையாது.

அந்த அறையில் இருப்பவரின் நிலையை நாம் யோசித்திருக்கிறோமா? பை வருவதற்கு ஒரு வாரம் முன்பே அவருக்குக் கடும் கீமோ, சில சமயம் கதிர்வீச்சும் கொடுத்து, அவருடைய சொந்த மஜ்ஜையை அழித்துவிடுகிறார்கள். புதியது வேர்பிடிக்க இடம் வேண்டும், மிச்சமிருக்கும் புற்றணுக்களும் ஒழிய வேண்டும். அந்தக் கீமோ தொடங்கிய பிறகு, கொடுக்கச் சம்மதித்தவர் பின்வாங்கினால், படுத்திருப்பவருக்குப் பழைய மஜ்ஜையும் இல்லை, புதிய மஜ்ஜையும் இல்லை. “யோசிச்சுச் சொல்றேன்” என்று நாம் இழுக்கும் நாட்களில் நோயும் சும்மா இருப்பதில்லை. மாற்று சிகிச்சைக்கு நோய் அடங்கியிருக்கும் காலம்தான் வாசல். நாம் தாமதிக்கத் தாமதிக்க அது மூடிக்கொண்டே வருகிறது.

குடும்பத்துக்குள்ளேயே கிடைத்துவிடாதா என்பது நம் வழக்கமான சமாதானம். பொருத்தம் பார்ப்பது எச்.எல்.ஏ. என்ற மரபுக் குறிகளை வைத்து. இதைக் கண்டறிந்த பிரெஞ்சு மருத்துவர் ழான் தோசேவுக்கு 1980-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் குறிகளில் பாதி அப்பாவிடமிருந்து வருகிறது, பாதி அம்மாவிடமிருந்து. அதனால் உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு பங்கு வாய்ப்புத்தான். நம் தாத்தா பாட்டி வீட்டில் ஐந்தாறு பிள்ளைகள் இருந்தார்கள், யாராவது ஒருவர் பொருந்தியிருப்பார். இன்று நம் வீடுகளில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. சிறு குடும்பம் என்ற நல்ல மாற்றத்தை ஏற்றுக்கொண்ட நாம், அதோடு சேர்ந்து வந்த பொறுப்பை ஏற்கவில்லை. உடன்பிறந்தவர்கள் குறைந்த இடத்தில் ஊரார் வந்து நின்றிருக்க வேண்டும்.

அந்த ஊராரும் பெரும்பாலும் நாமாகத்தான் இருக்க முடியும். எச்.எல்.ஏ. குறிகள் இனம்இனமாக, வட்டாரம்வட்டாரமாகத் திரண்டு கிடப்பவை. தலைமுறை தலைமுறையாகச் சாதிக்குள்ளும் உறவுக்குள்ளும் மணமுடித்த நம்மிடம் அது இன்னும் அழுத்தம். அமெரிக்கப் பதிவேட்டை வைத்து 2014-ல் வந்த ஆய்வில், ஐரோப்பிய வம்சாவளியினருக்கு முழுப் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு 75 சதவீதம். தெற்காசியருக்கு அதில் பாதியைக்கூட எட்டவில்லை. தமிழ்நாட்டைவிட மக்கள்தொகையில் சற்றே பெரிய ஜெர்மனியில் 90 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 140 கோடிப் பேர் உள்ள இந்தியா முழுக்கச் சேர்த்தாலும் சில லட்சம்தான். ஜெர்மனியின் 90 லட்சம் விருத்தாசலத்துக்காரருக்கு உதவுவது அரிது. அவருக்குப் பொருந்துகிறவர் கடலூரிலோ கும்பகோணத்திலோ, சிங்கப்பூரிலோ இருக்கக்கூடும். தாத்ரி என்ற பதிவேடு 2009-ல் தொடங்கியது சென்னையில்தான். அதைத் தேடித் தொலைதூரம் போக வேண்டிய கட்டாயமும் நமக்கு இருக்கவில்லை.

இந்தச் சிகிச்சை எப்படி வந்தது என்று தெரிந்தால் நம் அசட்டை இன்னும் உறுத்தும். 1957-ல் டொனல் தாமஸ் என்ற அமெரிக்க மருத்துவர் ஆறு நோயாளிகளுக்கு மஜ்ஜை ஏற்றிப் பார்த்ததை எழுதினார். நூறு நாளைத் தாண்டி ஒருவரும் பிழைக்கவில்லை. 1960-களில் பலர் இந்தப் பாதையையே கைவிட்டார்கள். தாமஸும் அவருடைய மனைவி டாட்டியும் விடவில்லை. நாய்களிடம் சோதித்துச் சோதித்துப் பொருத்தத்தின் கணக்கைக் கற்றார்கள். 1977-ல் சியாட்டிலிலிருந்து அந்தக் குழு வெளியிட்ட முடிவு இது: வேறு எந்தச் சிகிச்சையும் பலிக்காத கட்டத்தில் இருந்த நூறு ரத்தப் புற்றுநோயாளிகளில் பதின்மூன்று பேர் நோயின்றி வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பதின்மூன்றுதான் பிறகு பல்லாயிரமானது. தாமஸுக்கு 1990-ல் நோபல் பரிசு. இதற்கிடையே லண்டனில் ஷெர்லி நோலன் என்ற தாய், தன் மகன் ஆண்டனிக்குப் பொருத்தமானவரைத் தேடி 1974-ல் ஒரு பதிவேட்டையே தொடங்கினார். 1979-ல் மகன் இறந்துபோனான். பதிவேடு இன்றும் அவன் பெயரில் இயங்குகிறது.

சரி, அது அயல்நாடு. வேலூரில் நடந்ததையாவது கவனித்தோமா? அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986-லேயே மஜ்ஜை மாற்று சிகிச்சை தொடங்கிவிட்டது. அக்யூட் புரோமைலோசைட்டிக் லுக்கேமியா என்றொரு ரத்தப் புற்றுநோய் வகை உண்டு. ரத்தம் உறையாமல் போய் சில நாட்களிலேயே ஆளைக் கொண்டுபோய்விடக்கூடியது. மேல்நாடுகளின் மருந்துக் கூட்டு நம்மவர்களுக்குக் கட்டுப்படியாகாத விலையில் இருந்தது. ஆர்செனிக் டிரையாக்ஸைடு இந்த நோய்க்குக் கேட்கும் என்பதைச் சீன மருத்துவர்கள் முன்பே காட்டியிருந்தார்கள். வேலூர் கல்லூரியின் மருத்துவர் விக்ரம் மேத்யூஸும் அவருடைய குழுவும் அதை மட்டுமே வைத்து, 1998 முதல் 2004 வரை புதிதாக வந்த 72 பேருக்குச் சிகிச்சை கொடுத்தார்கள். 86 சதவீதம் பேருக்கு நோய் முழுமையாக அடங்கியது. 2006-ல் ‘பிளட்’ இதழில் அது வெளியானது, உலகம் கவனித்தது. தமிழ்ப் பத்திரிகைகளில் எழுதுகிற நாம் அதே வருடங்களில் கேன்சரை விரட்டும் இலை, கஷாயம் என்று பக்கம்பக்கமாகப் போட்டுக்கொண்டிருந்தோம். நம் சினிமாவும் கேன்சர் வந்தால் கைக்குட்டையில் ரத்தம், ஒரு பாட்டு, மரணம் என்றே பழக்கியது. படித்தவர்களும் பார்த்தவர்களும் நம்பிக்கை இழந்ததில் நமக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது. இன்று நோய் தெரிந்த அன்றே “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறோம், டாக்டர்” என்கிற அப்பாக்கள் அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள்.

சிகிச்சை கிடைக்காமல் போகிறவர்களில் பெண் குழந்தைகள் அதிகம் என்று சொல்லும்போதுதான் மனம் கூசுகிறது. இந்தியாவின் பெரிய புற்றுநோய் மையங்களின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், சிகிச்சைக்கு வந்து சேரும் சிறுவர்களைவிடச் சிறுமிகள் குறைவாக இருப்பதைக் கண்டார்கள். செலவும் அலைச்சலும் கூடிய மஜ்ஜை மாற்றில் அந்த இடைவெளி இன்னும் பெரிதாகிறது. தம்பிக்கு அக்காவின் மஜ்ஜை பொருந்தினால் அவளைக் கூட்டிவந்து கட்டிலில் படுக்கவைக்கத் தயங்குவதில்லை. அக்காவுக்கே நோய் வந்தால் நிலத்தை விற்பதா என்ற கேள்வி எழுகிறது. காப்பீட்டுத் திட்டங்களும் அரசு மருத்துவமனைகளும் வந்து செலவின் ஒரு பங்கைத் தாங்கிய பிறகும் இந்த ஓரவஞ்சனை போகவில்லை. அதை வறுமையின் கணக்கில் மட்டும் எழுதி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது.

தட்டணு (பிளேட்லெட்) தானத்திலும், கூப்பிட்டால் போகாத அதே கதைதான். கீமோ வாங்குகிறவருக்குத் தட்டணு இறங்கிக்கொண்டே இருக்கும். எடுத்துவைத்தாலும் ஐந்து நாளுக்கு மேல் தாங்காது. அதனால் முகாமில் ஒரே நாளில் ஆயிரம் பேர் கொடுத்துவிட்டால் தீராது, வாரம் தவறாமல் ஆள் வர வேண்டும். “ஓ பாசிட்டிவ், எஸ்.டி.பி. அவசரம்” என்று, ஒரே கொடையாளரிடமிருந்து எடுக்கும் தட்டணுவைக் கேட்டு வரும் செய்தியை நாம் அடுத்த குழுவுக்குத் தள்ளிவிட்டு நல்லது செய்த திருப்தியோடு இருக்கிறோம். நோயாளி இறந்து மாதக்கணக்கான பிறகும் அந்தச் செய்தி சுற்றுகிறது, அவருடைய அண்ணனின் போனுக்கு இன்னும் அழைப்பு வருகிறது. தேவைப்பட்ட இரவில் ரத்த வங்கி வாசலில் நின்றது அந்த அண்ணன் மட்டும்தான்.

பாதிப் பொருத்தம் உள்ள பெற்றோர், பிள்ளைகளின் மஜ்ஜையையே ஏற்றும் முறை இப்போது பரவியிருக்கிறது. மாற்றுக்குப் பிறகு சைக்ளோபாஸ்பமைடு என்ற பழைய, மலிவான மருந்தைக் கொடுத்தே அதைச் சாதிக்கிறார்கள். மஜ்ஜை தேடியவர்களுக்கு அது பெரிய ஆறுதல். ஆனாலும் எல்லோருக்கும் அது வழியாகிவிடாது. பெற்றோருக்கு வயதாகியிருக்கும், அல்லது அவர்களே நோயாளிகளாக இருப்பார்கள். பதிவேட்டின் தேவை தீர்ந்துவிடவில்லை.

அதனால் ஏற்கெனவே பேர் கொடுத்தவர்கள் செய்ய வேண்டியதில் முதலாவது, மாறிப்போன எண்ணையும் முகவரியையும் பதிவேட்டுக்குத் தெரிவிப்பது. கொடுக்க முடியாது என்று முடிவாகிவிட்டால் அதையும் இப்போதே சொல்லிப் பெயரை எடுத்துவிட வேண்டும்; அங்கே ஒருவர் நம்மை நம்பிக் காத்திருக்கக் கூடாது. முகாம் நடத்தும் கல்லூரிகள் தலை எண்ணிக்கையைப் பெரிதாகப் பார்க்காமல், அழைப்பு வந்தால் என்னென்ன நடக்கும் என்பதை மாணவர்களின் பெற்றோரையும் உட்காரவைத்துச் சொல்லட்டும். கட்டிலில் படுத்துக் கொடுத்துவிட்டு மறுநாள் வேலைக்குப் போனவர்கள் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். அந்த அம்மாக்களின் பயத்துக்கு அவர்கள் நேரில் வந்து பதில் சொல்லட்டும்.