கேட்காமல் பதிவு செய்தது யார் அனுமதியில்? குடியிருப்போர் நலச் சங்கத்தின் கண்டன அறிக்கை

கோயம்புத்தூர்

எங்கள் முதியோர் குடியிருப்பில் நடக்கும் பராமரிப்புக் கூட்டங்களையும், பிள்ளைகளோடு நடக்கும் வீடியோ அழைப்புகளையும், குடியிருப்போர் ஒருவரிடமும் கேட்காமல் நிர்வாகம் பதிவு செய்திருக்கிறது. அந்தப் பதிவுகளை ஏ.ஐ. குறிப்பெடுப்புச் செயலி ஒன்றிடம் கொடுத்துச் சுருக்கம் எழுத வைத்திருக்கிறது. இதை எமது சங்கம் வன்மையாகக் கண்டிக்கிறது. அந்தச் சுருக்கங்களை மின்னஞ்சலில் பலருக்கும் அனுப்பியதை அதைவிடக் கடுமையாகக் கண்டிக்கிறது.

நடந்ததை உறுப்பினர்கள் அனைவரும் அறிய வேண்டும். வாரந்தோறும் செவிலியர், மருத்துவர், மேலாளர் ஆகியோர் குடியிருப்போரை அழைத்து வைத்துப் பேசுவது வழக்கம். யாருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, யார் இரவில் எழுந்து நடமாடுகிறார், யாருக்குக் குளிக்க ஆள் துணை வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் பேசப்படும். வெளிநாட்டிலும் வெளியூரிலும் இருக்கும் பிள்ளைகள் சிலர் வீடியோவில் சேர்ந்துகொள்வார்கள். சில மாதங்களாக அந்தத் திரையில் கூடுதலாக ஒரு பெயர் தெரிந்துகொண்டிருந்தது. முகம் காட்டவில்லை, பேசவும் இல்லை. யாரோ புது ஊழியர் என்றே பலரும் இருந்துவிட்டனர். பேச்சு முழுவதையும் எழுத்தாக்கிக்கொண்டிருந்த செயலி அது என்பதை நிர்வாகம் ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர், சிறுநீர் கட்டுப்படாமல் போவதைப் பற்றிச் செவிலியரிடம் தயங்கித் தயங்கிச் சொல்லியிருக்கிறார். கூட்டம் முடிந்த சற்று நேரத்தில் அது அழகான தலைப்போடு, "அடுத்துச் செய்ய வேண்டியவை" என்ற பட்டியலோடு, அழைப்பில் முகவரி இருந்த அத்தனை பேருக்கும் போய்ச் சேர்ந்தது. மருமகனுக்குப் போனது. சாப்பாட்டு ஒப்பந்தக்காரருக்கும் போனது. அன்று முதல் அந்த அம்மா டைனிங் ஹாலுக்கு வருவதில்லை. அறைக்கே சாப்பாடு வாங்கிக்கொள்கிறார். இப்படிப்பட்ட செயலிகளில் பல, யாரும் மாற்றி அமைக்காவிட்டால், அழைக்கப்பட்ட எல்லோருக்கும் சுருக்கத்தைத் தாமாகவே அனுப்பிவிடும். அதை மாற்றி வைக்க வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு. செயலியின் மேல் பழி போட்டு நிர்வாகம் தப்பிக்க முடியாது.

எங்கள் கேள்விக்கு நிர்வாகம் தந்த முதல் பதில், சேர்க்கை ஒப்பந்தத்திலேயே எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்பது. ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தோம். "சேவை மேம்பாட்டிற்காகத் தகவல்கள் பயன்படுத்தப்படலாம்" என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. ஒலிப்பதிவு என்ற சொல்லே அதில் இல்லை. வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து வீடு வாங்கி, பெட்டி படுக்கையோடு வந்து நிற்கும் நாளில் நீட்டிய காகிதத்தில் போட்ட கையெழுத்தை, என் உடம்பைப் பற்றி நான் பேசுவதையெல்லாம் பதிவு செய்துகொள் என்ற அனுமதியாக எடுத்துக்கொள்ள யாருக்கும் உரிமையில்லை.

பிள்ளைகள் சம்மதித்துவிட்டார்கள் என்பது இரண்டாவது பதில். இது எங்களை இன்னும் அதிகமாகப் புண்படுத்தியது. எங்கள் பிள்ளைகள் எங்கள் மேல் அன்பு வைத்திருப்பவர்கள். ஆனால் சுயநினைவோடு, சொந்தப் பணத்தில், சொந்தக் கையெழுத்தில் வாழும் ஒருவருக்கு அறுபது, எழுபது வயதாகிவிட்டது என்பதற்காக அவருடைய சம்மதம் பிள்ளையின் கைக்கு மாறிவிடாது. பிள்ளைக்குத் தெரியக் கூடாது என்று ஒரு தாய் நினைக்கும் விஷயங்களும் உண்டு. பணக் கஷ்டம், தனிமை, சாவைப் பற்றிய பயம் ஆகியவற்றை யாரிடம், எப்போது சொல்வது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். நினைவு மங்கியவர்கள் விஷயத்தில் குடும்பத்தாரோ சட்டப்படியான பாதுகாவலரோ முடிவெடுக்க வேண்டிவரும், அதை ஏற்கிறோம். அப்போதும் அந்த மனிதருக்குப் புரிகிற அளவில் சொல்லிவிட்டுத்தான் பதிவைத் தொடங்க வேண்டும். அவர் முகம் சுளித்தால் நிறுத்த வேண்டும்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. 2012இல் வழக்குப் போடும்போது அவருக்கு வயது 86. இந்த நாட்டில் ஒவ்வொருவருக்கும் அந்தரங்க உரிமை உறுதியானது ஒரு முதியவர் தொடங்கிய வழக்கால். வயதானவர்களுக்கு இதிலெல்லாம் அக்கறை இருக்காது என்று எங்கள் கூட்டத்திலேயே ஓர் அதிகாரி சொன்னதால் இதை நினைவுபடுத்துகிறோம்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் சுதந்திரமாகவும் குறிப்பிட்ட நோக்கத்துக்காகவும் விவரம் அறிந்தும் நிபந்தனையின்றியும் தரப்பட வேண்டும் என்கிறது. தந்த சம்மதத்தை, தந்தது போலவே எளிதாகத் திரும்பப் பெற முடிய வேண்டும். அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழி ஒன்றிலோ படித்துக்கொள்ள வழி இருக்க வேண்டும்; தமிழ் அதில் உண்டு. இந்தச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளிவந்தன. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. அந்த அவகாசத்தை நிர்வாகம் எங்களுக்கே சுட்டிக்காட்டியது. முறையாக மாறிக்கொள்ளத் தந்த காலத்தை, அதுவரை இஷ்டம்போல் நடந்துகொள்ளத் தந்த காலமாக வாசிப்பது நேர்மையல்ல.

இனி, எங்களை எல்லாவற்றையும்விட அச்சுறுத்தும் விஷயத்துக்கு வருகிறோம். செயலி எழுதிய சுருக்கங்கள் சிலரின் பராமரிப்புப் பதிவேட்டில் அப்படியே ஏற்றப்பட்டிருக்கின்றன. எங்கள் பேச்சை இயந்திரம் சரியாகக் கேட்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? பல்செட் வைத்தவர் இருக்கிறார், பக்கவாதத்தால் நாக்குக் குழறுபவர் இருக்கிறார், பார்க்கின்சன் நோயால் குரல் அடங்கிப்போனவர் இருக்கிறார். கொங்குத் தமிழ், மலையாளம், தெலுங்கு, நடுவில் ஆங்கிலம், பணிப்பெண்களோடு பேசும் அரைகுறை இந்தி எல்லாம் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும். "வேணுமுங்க" என்பதற்கும் "வேண்டாமுங்க" என்பதற்கும் இருக்கும் வித்தியாசம், மூச்சு வாங்கும் ஒருவர் வாயில் எவ்வளவு மெல்லியது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்பவருக்குத் தெரியும். தமிழில் மறுப்பு பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். வயதானவர்களின் குரல் இறங்கிப் போவதும் அங்கேதான். தூக்க மாத்திரை வேண்டாம் என்று சொன்னவருக்கு வேண்டும் என்று பதிவானால் அதன் விளைவை அனுபவிப்பது செயலி அல்ல.

இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் 'விஸ்பர்' என்ற பேச்சறி மென்பொருளை அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்து 2024இல் முடிவுகளை வெளியிட்டனர். சோதித்த ஒலித்துண்டுகளில் ஏறத்தாழ 1 சதவீதத்தில், பேசியவர் சொல்லவே சொல்லாத முழுச் சொற்றொடர்களை அது தானாக எழுதியிருந்தது. அவற்றில் 38 சதவீதம் வன்முறை போன்ற தீங்கான உள்ளடக்கம் கொண்டவை. பேச்சிழப்பு நோய் உள்ளவர்களின் பதிவுகளில் இப்படிப்பட்ட கற்பனை வரிகள் கூடுதலாக இருந்தன. பேச்சின் நடுவே வரும் நீண்ட இடைவெளிகளோடு அதற்குத் தொடர்பிருப்பதையும் ஆய்வாளர்கள் கண்டனர். நிறுத்தி, யோசித்து, சொல்லைத் தேடிப் பேசுவது எங்களில் பாதிப்பேரின் இயல்பு. அந்த மௌனத்தில் இயந்திரம் என்ன எழுதியது என்று யாரும் சரிபார்க்கவில்லை. எங்கள் குடியிருப்பில் உள்ள செயலி எந்த மென்பொருளில் இயங்குகிறது, பதிவுகள் எந்த நாட்டு சர்வரில் இருக்கின்றன, வேறு ஏ.ஐ.க்குப் பயிற்சி கொடுக்க அவை போகின்றனவா என்று எழுத்தில் கேட்டோம். பதில் வரவில்லை.

செவிலியர்களின் எழுத்து வேலை குறைகிறது என்ற நிர்வாகத்தின் வாதத்தில் உண்மை இருக்கிறது. இரவுப் பணிக்கு இரண்டு பேரை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அறைக்கும் படிவம் நிரப்பச் சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள்? அதற்குத் தீர்வு ஆட்களைக் கூட்டுவது. மேலும், அந்தச் செவிலியர்களும் பணிப்பெண்களும்கூடத் தங்கள் சம்மதமில்லாமல்தான் பதிவு செய்யப்பட்டார்கள். ஒரு குறையை வாய்விட்டுச் சொன்னால் வேலை போய்விடுமோ என்று அவர்கள் வாய் மூடிப்போனால், எங்களுக்கு நடக்கும் தவறுகளும் வெளியே வராது. அவர்களுக்காகவும் சேர்த்தே இந்தக் கண்டனம்.

தொழில்நுட்பத்தை நாங்கள் எதிர்க்கவில்லை. காது மந்தமான எங்கள் உறுப்பினர் சிலர், பேசப் பேச எழுத்தாக ஓடும் திரையைப் பார்த்துத்தான் பல வருடங்களுக்குப் பிறகு பேரக்குழந்தையோடு முழுசாகப் பேசுகிறார்கள். அது அவர்களே கேட்டு வாங்கியது, வேண்டாம் என்றால் அணைத்துவிடலாம். எதையும் சேமித்து வைப்பதில்லை. அந்த வசதி தொடர வேண்டும்.

எனவே எல்லாப் பதிவுகளையும் நிர்வாகம் உடனே நிறுத்த வேண்டும். இதுவரை எடுத்த ஒலி, காணொலி, எழுத்தாக்கம், சுருக்கம் அனைத்தையும், செயலி நிறுவனத்திடம் உள்ள நகல்கள் உட்பட, அழித்து அதற்கான எழுத்துப்பூர்வ உறுதியைத் தர வேண்டும். அழிக்கும் முன், யாருடைய தகவல் யார் யாருக்கு அனுப்பப்பட்டது என்ற பட்டியலைச் சம்பந்தப்பட்டவரிடம் மட்டும் கொடுக்க வேண்டும். செயலியிலிருந்து பராமரிப்புப் பதிவேட்டில் ஏறிய ஒவ்வொரு வரியையும், மருந்து விவரத்தை முதலாவதாக, செவிலியர் அந்தந்தக் குடியிருப்பாளரோடு உட்கார்ந்து சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். இனி எதைப் பதிவு செய்ய விரும்பினாலும் பெரிய எழுத்தில், அவரவர் படிக்கும் மொழியில், தனிப் படிவம் தந்து கேட்க வேண்டும். மறுத்தவருக்குச் சேவையில் ஒரு குறையும் வைக்கக் கூடாது. பாதிக்கப்பட்ட உறுப்பினரிடம், அவர் சம்மதித்தால், மேலாளர் நேரில் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும்.

பதிவுக் கருவி இருக்கும் கூட்டங்களில் சங்க உறுப்பினர்கள் கலந்துகொள்ள மாட்டார்கள். சங்கத்தின் கூட்டங்களுக்கு மினிட்ஸ் எப்போதும்போல் கையால் எழுதப்பட்டு, அடுத்த கூட்டத்தில் வாசித்து ஒப்புதல் பெற்ற பிறகே பதிவேட்டில் சேரும். நிர்வாகத்திடமிருந்து பதினைந்து நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், சிறப்புப் பொதுக்குழுவைக் கூட்டி, மாவட்ட சமூக நல அலுவலரிடமும் மாவட்ட ஆட்சியரிடமும் மனு கொடுப்போம். தனிப்பட்ட முறையில் புகார் சொல்ல விரும்பும் உறுப்பினர்கள் முதியோருக்கான உதவி எண் 14567ஐ அழைக்கலாம். எழுதித் தர உதவி வேண்டுவோர் செயற்குழு உறுப்பினர்கள் யாரிடமும் கேட்கலாம்.

செயற்குழுவின் சார்பில்,
தலைவர், செயலாளர், பொருளாளர்
குடியிருப்போர் நலச் சங்கம்