ஒரிஜினல் பைத்தியம்

பழைய அமெரிக்கக் கார் என்றாலே நம்ம பசங்களுக்கு வாயெல்லாம் பல். 1965 முஸ்டாங், 1957 பெல் ஏர் என்று பெயரைச் சொன்னாலே போதும்! ஆனால் அந்த வண்டிகளுக்கு ஸ்பேர் தேடி மாட்டுவதில் அங்கே இரண்டு கட்சி உண்டு.

முதல் கட்சிக்கு எல்லாமே ஒரிஜினலாக இருக்கணும். எஞ்சின் பிளாக்கில் வார்ப்போடு வந்த நம்பரையும் தேதியையும் பார்ப்பார்கள். வண்டி தயாரான நாளுக்குப் பிறகு வார்த்த பிளாக் என்றால், 'இது அந்த வண்டியோட எஞ்சின் இல்லை' என்று ஒதுக்கிவிடுவார்கள். பென்சில்வேனியாவில் ஹெர்ஷி என்ற ஊரில் 1955-இல் தொடங்கிய பழைய கார் சந்தைக்குப் போய், ஒரே ஒரு கார்புரேட்டருக்காக நாள் முழுக்க நடப்பார்கள். தேடுவதை நான் குறை சொல்லவில்லை. அது ஒரு வித்தை. எந்த வண்டி பார்ட் எந்த வண்டிக்குச் சேரும் என்று சொல்லும் ஹாலண்டர் புத்தகம் 1930களிலிருந்தே அங்குள்ள காயலான் கடைக்காரர்களுக்கு வேதம்.

என் சண்டை பிரேக்கில்தான். 1966 வரை வந்த முஸ்டாங்கில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சர்க்யூட். ஏதாவது ஒரு ஹோஸ் வெடித்தால் பெடல் தரையைத் தொடும், நாலு வீல் பிரேக்கும் போச்சு. 1967 மாடலில் முன்வீலுக்கு ஒன்று, பின்வீலுக்கு ஒன்று என இரண்டாகப் பிரித்தார்கள். 1968-இல் அமெரிக்க அரசாங்கமே அதைக் கட்டாயமாக்கியது. அந்த 1967 சிலிண்டரைப் பழைய முஸ்டாங்கில் மாட்டலாம். பைப் லைனைப் பிரிக்க வேண்டும், டிரம் பிரேக்குக்கு டிரம் சிலிண்டரையே வாங்க வேண்டும், அவ்வளவுதான். இருந்தும், கண்காட்சியில் மார்க் குறையுமே என்று ஒற்றைச் சிலிண்டரையே புதுப்பித்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நிறுத்திவைத்துப் பார்க்கிற வண்டி என்றால் சரி. பெண்டாட்டி பிள்ளையை ஏற்றிக்கொண்டு ரோட்டில் போகிற வண்டிக்கு? எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகத்தான் படுகிறது.

'எதையாவது மாட்டு, ஓட்டு' என்கிற இரண்டாவது கட்சியிலும் நான் இல்லை. அந்த வண்டிகளில் அங்குல போல்ட். 5/16 போல்ட் 7.94 மி.மீ., நம்ம எம்8 சரியாக 8 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் அங்குலத்துக்கு 18 மரை என்றால் பிட்ச் 1.41 மி.மீ., எம்8-க்கு 1.25. கையாலேயே இரண்டு சுற்று போகும், அப்புறம் பிடித்துக்கொள்ளும். 'ஏதோ துரு' என்று ஸ்பானரைப் போட்டு முறுக்கினால் மரை காலி. (மரை கழன்றது யாருக்கு என்று கேட்காதீர்கள்!) 1960களின் டாட்ஜ், பிளிமத் வண்டிகளில் இன்னொரு கூத்து: இடது பக்க வீல் நட்டுக்கு இடது மரை. தெரியாமல் கழற்றப் போனால் இறுக்கிக்கொண்டே இருப்போம், ஸ்டட் ஒடிந்த பிறகுதான் புத்தி வரும். முதலாண்டு ஃபிட்டிங் ஷாப்பில் டேப்பையும் டையையும் பிடித்து அலுத்துக்கொண்டோமே, அந்த வேலைதான் இங்கே சோறு போடுகிறது.

கியூபாவைப் பாருங்கள். 1960-இல் அமெரிக்கா ஏற்றுமதியை நிறுத்தியபின் ஸ்பேர் வரவே இல்லை. 1950களின் செவ்ரோலேயில் டீசல் எஞ்சினை இறக்கி டாக்ஸி ஓட்டினார்கள். அளவெடுக்காமல் அந்த எஞ்சின் அங்கே உட்கார்ந்திருக்குமா? ஒரிஜினல் கட்சி மூக்கைச் சுளிக்கலாம், நான் சலாம் போடுவேன்.

முஸ்டாங்காரரிடம் நான் கேட்பது ஒன்றுதான். கழற்றிய ஒற்றைச் சிலிண்டரை எண்ணெய் தடவி, சீட்டு எழுதி டப்பாவில் வையுங்கள். கண்காட்சிக்கு முந்தின நாள் எடுத்து மாட்டிக்கொள்ளுங்கள், வண்டியை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.